பத்தொன்பது இடங்கள்

வியன்னா, 1907 அக்டோபர் 4

அன்புள்ள போல்டி அக்காவுக்கு,

தம்பி ஆல்பின் எழுதுவது. இங்கே நானும் என் தூக்கமின்மையும் சௌக்கியம். அங்கே நீ, உன் முழங்கால், உன்னிடம் பியானோ படிக்கும் அந்த முரட்டுப் பெண்கள், எல்லோரும் சௌக்கியம்தானா என்று எழுது.

சேதி இதுதான். என் சிம்பொனியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வருகிற மார்ச் 12ஆம் தேதி கச்சேரி. நடத்தப் போகிறவர் ஸ்வெட்லர். முப்பத்துநாலு வயதில் முதல் தடவையாக என் பெயர் இந்த ஊர்ச் சுவரில் ஒட்டப்படப் போகிறது. ஸ்வெட்லர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ரொம்ப நீளமா இருக்கேய்யா" என்றார். "வெட்டிக்குங்க சார்" என்றேன். "எங்க வெட்டறதுன்னு தெரிஞ்சா சொல்ல மாட்டனா" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தேன்.

இனிமேல்தான் உன் வேலை. எழுபது பேர் வாசிக்க வேண்டும். மூலப்பிரதியிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் பிரதி எழுதியாக வேண்டும். இங்கே இருக்கிற பிரதிக்காரர்கள் ஒரு கையில் பீரை வைத்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறவர்கள். எனக்கு உன் கைதான் வேண்டும். அப்பா நம் இருவருக்கும் ஒரே பிரம்பால் ஸ்வரம் எழுதக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கோவில் ஆர்கன் பக்கத்தில் உட்கார்ந்து நாம் எழுதிய தாள்களில் எது உன் எழுத்து, எது என் எழுத்து என்று அவருக்கே கடைசி வரையில் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

முதல் இரண்டு பகுதிகளை இந்தக் கட்டில் அனுப்புகிறேன். திருப்பி அனுப்பும்போது தயவுசெய்து ஒல்மூட்ஸ் பாலாடைக்கட்டியைச் சேர்த்துக் கட்டாதே. போன தடவை தபால்காரர் மாடிப்படி ஏறாமல் கீழே நின்றே, "சார், உங்க பொட்டலத்துல எதுவோ செத்துக் கெடக்கு" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

உன் நலத்துக்கு வேண்டிக்கொள்ளும்,
ஆல்பின்


ஒல்மூட்ஸ், 1907 அக்டோபர் 19

அன்புத் தம்பி ஆல்பினுக்கு,

அக்கா போல்டியின் ஆசிகள். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பின்னாலும் வலிக்கிறது. மற்றபடி குறையில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தூக்கமின்மையை உறவுக்காரன் மாதிரி எழுதியிருக்கிறாய். அதை வீட்டை விட்டு அனுப்புகிற வழியைப் பார்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நாலு வருஷமாக அங்கேயே படுத்திருக்கிற என் பெர்டினாண்டுக்கும் கேட்டிருக்கும். ராணுவ பேண்டை நடத்தின மனிதருக்குத் தன் மைத்துனன் வியன்னாவில் சிம்பொனி போடுவது பெருமையாகத்தான் இருக்கும்.

இரண்டாம் வயலின் வரைக்கும் எழுதியாயிற்று. உன் இசை எனக்குப் புரிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத எழுத கை நிற்காமல் போகிறது. அதுவே நல்ல அடையாளம் என்று அப்பா சொல்வார்.

ஒரே ஒரு சந்தேகம். வழக்கம்போல நீலப் பென்சிலால் ஓரத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். மெதுவான பகுதியில், 41ஆம் பக்கத்தில், கொம்பு வாத்தியம் தனியாக வருகிற இடம். மற்ற எல்லா வாத்தியமும் ஒரு ஸ்வரத்தில் நிற்க, கொம்பு மட்டும் அரை ஸ்வரம் கீழே நிற்கிறது. நாலு தடவை அப்படியே வருகிறது. அரை ஸ்வரம் ஏற்றுகிற ஷார்ப் குறி விட்டுப்போயிற்றா? உன் பதில் வரும் வரைக்கும் கொம்புப் பிரதியைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
போல்டி


வியன்னா, 1907 அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் மட்டும் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

41ஆம் பக்கம் சரிதான். குறி எதுவும் விட்டுப்போகவில்லை. ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். மார்ச் மாதம் நீ வந்து உட்கார்ந்து கேட்பாய், கேட்டதும் உனக்கே தெரிந்துவிடும். இங்கே உட்கார்ந்துகொண்டு உன் முகம் போகிற போக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

காயெட்டானை உனக்கு நினைவிருக்கும், வியோலா வாசிக்கிறவன், உன் வாத்துக்கறியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவன். அவனும் வாத்தியக் குழுவில் இருக்கிறான். "ஒங்க அக்கா எழுதற பிரதின்னா கண்ண மூடிட்டு வாசிக்கலாம்டா" என்கிறான். கண்ணை மூடினால் பிரதி எதற்கு என்று கேட்டேன்.

கடைசிப் பகுதியைத் திருத்தி எழுத முதல் கட்டு எனக்குத் திரும்ப வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்பிவிடு.

அன்புடன்,
ஆல்பின்


ஒல்மூட்ஸ், 1907 டிசம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

கடவுள் கிருபையால் இங்கே உயிரோடு இருக்கிறேன். மூன்று மாணவிகளுக்கு மணல்வாரி அம்மை. அதனால் எழுத நேரம் நிறைய. உன் இருமல் போயிற்றா? மறைக்காமல் எழுது.

கேட்டபடி கட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வயலின்கள் முடிந்தன. கொம்பை இன்னும் எழுதவில்லை. நீ சரி என்று எழுதியதைப் படித்தேன். ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துவிடு. அது தவிர, புல்லாங்குழலில் இரண்டு இடம், ஓபோவில் மூன்று இடம் நீலப் புள்ளி வைத்திருக்கிறேன். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்கிற ஸ்வரங்கள்.

63ஆம் பக்கத்துக்கும் 64ஆம் பக்கத்துக்கும் நடுவில் ஒரு மருந்துக்கடைச் சீட்டு இருந்தது. பக்க அடையாளத்துக்கு வைத்து மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இத்துடன் இருக்கிறது. பாதரசக் களிம்பு என்று எழுதியிருக்கிறது. அந்தக் களிம்பை எனக்குத் தெரியும், ஆல்பின். பெர்டினாண்ட் அதைப் பூட்ஸ் அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

கதகதப்பான உள்ளாடை இரண்டு பின்னியிருக்கிறேன், கட்டோடு வருகிறது. பாலாடைக்கட்டி வைக்கவில்லை.

போல்டி


வியன்னா, 1908 ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உள்ளாடையைப் போட்டிருக்கிறேன், சரியாக இருக்கிறது. நீ நலம்தானே?

பலமுறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அதே மேகநோய்தான், சிபிலிஸ். ராணுவத்தில் இருந்த வருஷம் வந்தது. பத்து வருஷம் ஆகிறது. பெர்டினாண்ட் அத்தானுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியும். ஆனால் இது எல்லோருடைய மூளைக்கும் ஏறுவதில்லை என்கிறார் டாக்டர். பலர் கிழவர்களாகிச் சாகிறார்களாம். கை நடுங்கவில்லை, நாக்கு குழறவில்லை, நேராக நடக்கிறேன்.

நான் பயப்படுவது சாவுக்கு இல்லை. புத்தி போகும்போது அது போவது எனக்கே தெரியாமல் போய்விடும், அதற்குத்தான். அத்தானுக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் அப்படிச் சிரித்துக்கொண்டிருப்பாரா? ஆகவே ஒன்று கேட்கிறேன். அந்த நாள் வந்தால் நீ எனக்குச் சொல்ல வேண்டும். காயெட்டான் சொல்ல மாட்டான், அவனுக்கு என் மேல் பிரியம். டாக்டர்கள் சுற்றி வளைப்பார்கள். நீ பொய் சொல்லத் தெரியாதவள். உன் நீலப் பென்சிலைத்தான் நான் நம்புகிறேன்.

ஆனால் இந்த சிம்பொனியில் இனிமேல் அந்தப் பென்சில் வேண்டாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அக்கா. நாலு பகுதியையும் மொத்தமாக அனுப்புகிறேன். கடைசிப் பகுதியில் இன்னும் பல இடங்களில் உன் கை தயங்கும். தயங்காமல் எழுது. பிப்ரவரி கடைசிக்குள் மூலப்பிரதியும் எல்லாப் பிரதிகளும் ஸ்வெட்லர் கையில் இருக்க வேண்டும். கேள்வி கேட்டுப் பதில் எழுத நேரமே இல்லை.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

உன்னையே நம்பியிருக்கும்,
ஆல்பின்


ஒல்மூட்ஸ், 1908 பிப்ரவரி 23

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்புக்காகத் தினமும் காலைப் பூசைக்குப் போகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, கண் மட்டும் எரிகிறது.

நீ பெர்டினாண்டைப் பற்றி எழுதினாய். நானும் ஒன்று எழுதுகிறேன். அவர் கடைசியாக எழுதிய அணிவகுப்பு இசையை நான்தான் பிரதி எடுத்தேன். டிரம்பெட்காரர்களுக்கு எழுதியிருந்தது மற்றவர்களுடைய சுருதியிலேயே இல்லை. பார்த்ததும் தெரிந்தது. பிரதி எடுப்பவளுக்குக் கண்ணும் கையும் போதும், காதைக் கழற்றி வைத்துவிட்டு எழுது என்று அப்பா சொன்னபடி வளர்ந்தவள் நான். ஆனாலும் இது சரியா என்று பெர்டினாண்டைக் கேட்டேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ எழுதுடி" என்றார். எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் ஊரே கூடியிருந்தது. பேண்டு ஆரம்பித்ததும் முதலில் குழந்தைகள் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். அதிகாரிகளின் மனைவிமார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பெர்டினாண்ட் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கையை வீசினார். முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். இன்னொரு முறை அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் வரக் கூடாது.

உன் வேலை முடிந்தது. புதிதாக ஒரு சுரண்டுகத்தி வாங்கினேன். மூலப்பிரதியில் மைக்கறை, அழுக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்து, நூல் போட்டுத் தைத்து, பிரதிகளோடு நேராக ஸ்வெட்லருக்கே அனுப்பிவிட்டேன். இந்த முறை எனக்குக் கேள்வி எதுவும் இல்லை.

கச்சேரிக்கு வர முழங்கால் விடாது. மனசு அங்கேதான் இருக்கும்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
போல்டி


வியன்னா, 1908 மார்ச் 14

அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பதினொன்றாம் தேதி காலை கடைசி ஒத்திகை. அதற்கு முன்னால் இசை எழுதினவனை ஸ்வெட்லர் உள்ளே விடமாட்டார், அது அவர் வழக்கம். முதல் பகுதியிலேயே இரண்டு மூன்று இடம் என்னவோ போலிருந்தது. சரி, வாசிக்கிறவர்கள் தவறு என்று விட்டேன். மெதுவான பகுதியில் கொம்பு வந்தது. அது நான் எழுதின ஸ்வரம் இல்லை. எழுந்து நின்று, "கொம்பு தப்பா ஊதறாரு சார்" என்று கத்திவிட்டேன்.

கொம்புக்காரர் தன் தாளைக் குனிந்து பார்த்தார். "இருக்கறதத்தான் ஊதறேன்" என்றார்.

ஸ்வெட்லர் மூலப்பிரதியை என் பக்கமாகத் திருப்பினார். "இது யாரு எழுத்து? ஒங்க எழுத்துதான?"

என் எழுத்துதான். ஷார்ப் குறி போட்டிருக்கிறது. நான் போடுகிற மாதிரியே, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. பின்வரிசையில் யாரோ, "எழுதினவருக்கே புடிக்கலையாம்யா" என்றான். எழுபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பது இடங்கள். பத்தொன்பதிலும் என் காதில் இருந்தது ஒன்று, தாளில் என் கையால் எழுதியிருந்தது வேறு. மறுநாள் கச்சேரி. மூன்று தடவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல குடும்பத்துப் பையன் போல அடக்கமாக நடந்துகொள்ளும் இசை என்று பத்திரிகையில் வந்திருக்கிறது.

எனக்கு அதெல்லாம் இப்போது வேண்டாம். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அக்டோபரில் கொம்பைப் பற்றி நீ கேட்டாய். ஆக அக்டோபரில் அது நான் நினைத்தபடிதான் இருந்தது. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி வரை அந்தக் கட்டு என்னிடம் இருந்தது. அப்போது நானே மாற்றிவிட்டு, மாற்றியதே தெரியாமல் இருந்திருக்கிறேனா? ஜனவரியில் உன் கைக்கு வந்தபோது 41ஆம் பக்கம் எப்படி இருந்தது? ஜனவரியில் நான் கேட்டுக்கொண்டதை நினைத்துக்கொள். உடனே எழுது.

ஆல்பின்


ஒல்மூட்ஸ், 1908 மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பத்திரிகைச் சேதியை வெட்டிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறேன். பாதிரியார் கோவிலிலேயே உன் பெயரைச் சொன்னார். மூன்று தடவை மேடைக்குக் கூப்பிட்டார்களாமே, அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒத்திகையில் நாலு பேர் கேலி பேசுவார்கள், அது அவர்கள் புத்தி. அதைப் போய் மனசில் வைத்துக்கொள்ளாதே.

41ஆம் பக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எத்தனை பக்கம், எத்தனை ஆயிரம் புள்ளிகள். எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது. கண்ணில் பட்டதை எழுதினேன்.

நீ களைத்துப்போயிருக்கிறாய். கொஞ்ச நாள் எதையும் எழுதாமல் இரு. இங்கே வந்துவிடு. மாடி அறையைத் துடைத்து வைக்கிறேன்.

உன் அக்கா,
போல்டி


வியன்னா, 1908 ஏப்ரல் 18

மதிப்புக்குரிய திருமதி போல்டி ஹானுஷ் அவர்களுக்கு,

ஆல்பினின் நண்பன் காயெட்டான் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு வருத்தம் தரும். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆல்பின் இந்த மாதம் ஆறாம் தேதி ஊருக்கு வெளியே இருக்கிற மனநோய் விடுதிக்குத் தானே நடந்து போய்ச் சேர்ந்துவிட்டான். யாரும் கொண்டுபோய் விடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, வாடகை அறையைக் காலி செய்துவிட்டுப் போனான். அங்குள்ள டாக்டர் எல்ப்லிங் பத்து நாள் அவனைச் சோதித்துப் பார்த்தார். கண்மணியைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், கணக்குப் போடச் சொன்னார், பழைய பாடங்களைச் சொல்லச் சொன்னார். நேற்று என்னிடம், "எங்களவிட தெளிவா இருக்காருங்க. நோய் மூளைக்குப் போனதா ஒரு அடையாளமும் இல்ல. ஆனா அத அவர் நம்ப மாட்டேங்கறார்" என்று கையை விரித்தார்.

எனக்கும் ஒரு விஷயம் புரியவில்லை. உங்களிடம் கேட்கலாமா என்று பல நாள் யோசித்தேன். போன வருஷம் மே மாதம் ஆல்பின் அந்த மெதுவான பகுதியை எங்கள் நாலு பேருக்குப் பியானோவில் வாசித்துக் காட்டினான். கொம்பு அரை ஸ்வரம் இறங்கி நாலு முறை வரும். முதல் தடவை காது கூசியது. நாலாவது தடவை முடிந்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னோம். நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அது என்ன என்று கேட்டோம். உங்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்று ஜனவரிக் குளிரில் கொம்புக்காரருடைய உதடு விறைத்து, ஸ்வரம் இறங்கி இறங்கிப் போயிற்றாமே. "எல்லாரும் தலைய குனிஞ்சிட்டு நிக்கறாங்க, எங்க அக்கா மட்டும் அழுதுட்டே மொகத்த சுளிச்சா. நான் அவளப் பாத்தேன். எங்க அப்பாவப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கற நெசமான சத்தம் அது ஒண்ணுதான். அவ கேட்டா ஒடனே கண்டுபுடிச்சிடுவா" என்றான்.

மார்ச் மாதம் நாங்கள் வாசித்தது அது இல்லை. நல்ல இசைதான், ஆனால் அது இல்லை. அவனே மாற்றிவிட்டான் என்று நானும் நினைத்தேன். ஏன் மாற்றினான் என்றுதான் புரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் அவனுக்கு எழுதுங்கள். உங்கள் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லையும் அவன் கேட்க மாட்டான்.

பணிவுடன்,
காயெட்டான் ப்ரஸ்னிட்ஸ்


ஒல்மூட்ஸ், 1908 ஏப்ரல் 21

ஆல்பின்,

இதை உட்கார்ந்து படி. முழுவதும் படி.

நீ மாற்றவில்லை. நான்தான் மாற்றினேன். பத்தொன்பது இடத்தையும் நான்தான் மாற்றினேன். ஜனவரியில் உன் கட்டு வந்தபோது 41ஆம் பக்கம் நீ எழுதினபடியே இருந்தது. உன் நோயைப் பற்றிய கடிதமும் அதோடு வந்தது. இரண்டையும் மேசை மேல் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அக்கா" என்று எழுதியிருந்தாய். பெர்டினாண்ட் சொன்ன அதே வார்த்தை. எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. உனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். வியன்னா முழுவதும் உன்னைப் பார்த்துச் சிரிப்பதை நான் பார்க்கத் தயாராக இல்லை.

சுரண்டுகத்தியால் உன் ஸ்வரங்களைச் சுரண்டினேன். விரல் நகத்தால் தாளைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். உன் கையெழுத்தில், நம் கையெழுத்தில், எனக்குச் சரி என்று பட்டதை எழுதினேன். பிறகு நீ கேட்டாய். நேராகக் கேட்டாய். நான் ஞாபகம் இல்லை என்று எழுதினேன். கச்சேரி நன்றாக நடந்துவிட்டதே, இனி எதற்கு என்று நினைத்தேன். அதைவிட, நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். அதுதான் நிஜம்.

காயெட்டான் அப்பாவின் அடக்கத்தைப் பற்றி எழுதினார். அந்தக் கொம்பு. எனக்கு அது தோன்றவே இல்லை, ஆல்பின். நாலு தடவை என் கையாலேயே சுரண்டினேன், தோன்றவில்லை.

உன் மூளையில் ஒரு நோயும் இல்லை. உன் காது சரி, உன் புத்தி சரி. நம்பிக்கை இல்லாவிட்டால் மூலப்பிரதியை வாங்கி 41ஆம் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். சுரண்டின இடம் மெலிந்து வெள்ளையாகத் தெரியும். பத்தொன்பது இடமும் எனக்கு மனப்பாடம். முன்போலவே எழுதித் தருகிறேன். ஸ்வெட்லரிடம் நானே வந்து சொல்கிறேன், எழுபது பேருக்கு முன்னால் சொல்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். அங்கிருந்து மட்டும் வெளியே வந்துவிடு.

போல்டி


விடுதி, 1908 மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நன்றாகத் தூங்குகிறேன், பத்து வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கண் எரிச்சல் போயிற்றா?

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். படித்து அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்காக இவ்வளவு பெரிய பழியைத் தலையில் போட்டுக்கொள்ள உன்னைத் தவிர யாருக்கு மனசு வரும்?

ஆனால் எனக்கு உன்னைத் தெரியும், அக்கா. கேட்காமல் நீ ஒரு ஸ்வரத்தையும் தொட மாட்டாய். பெர்டினாண்ட் அத்தானின் அணிவகுப்பையே, தப்பு என்று தெரிந்தும் அப்படியே எழுதிக் கொடுத்தவள். புருஷனுக்குச் செய்யாததை எனக்கா செய்திருப்பாய்?

மார்ச் மாதம் உன்னிடம் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, ஞாபகம் இல்லை என்று பதில் வந்தது. அப்பாவின் ஆர்கன் தாள்களை முப்பது வருஷம் கழித்தும் ஒரு புள்ளி விடாமல் சொல்கிறவளுக்கு ஞாபகம் இல்லையாம். அதைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஜனவரியில் என் கட்டைத் திறந்ததுமே நீ பார்த்துவிட்டாய், நானே எழுதி, நானே சுரண்டி, நானே மறந்துபோனதை. வாய் விட்டுச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. சொல்லாமலே சொல்லிவிட்டாய். அதற்கு நான் நன்றிக்கடன்பட்டவன். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் பெட்டியைக் கட்டினேன்.

மூலப்பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். ஸ்வெட்லரிடமிருந்து அதை வாங்கி, போன வருஷம் மே மாதம் எழுதிய குறிப்புகளோடு சேர்த்து, இங்கே வருவதற்கு முந்தின நாள் அடுப்பில் போட்டேன். காயெட்டான் உனக்குச் சொல்லியிருப்பான். சொல்லியிருக்காவிட்டால் நீ அவ்வளவு தைரியமாக அதைப் பார் என்று எழுதியிருக்க மாட்டாய். பழைய ஸ்வரங்களை எழுதித் தருகிறேன் என்கிறாய். எழுதித் தராதே. என் கிறுக்கை உன் கையால் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அந்தக் கொம்பு இன்னும் சில சமயம் காதில் கேட்கிறது. அதுதான் நோய் என்று இப்போது தெரிந்திருப்பதால் பயமில்லை. கேட்டதும் எழுந்து போய்த் தோட்டத்தில் கிழங்குப் பாத்திக்கு மண் அணைக்கிறேன்.

இங்கே கூடத்தில் ஒரு பியானோ இருக்கிறது. பூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் எல்ப்லிங் எனக்கு ஒன்றுமே இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று தினமும் சொல்கிறார். அவருக்கும் உன்னைப் போலவே நல்ல மனசு.

என்றும் உன் அன்பை மறவாத,
தம்பி ஆல்பின்